பாலித் தீவில் பிளாட்

தாம்பரம் பக்கத்து வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த தொண்ணூறுகள். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிய அம்மாள் உடன் வந்த தோழியிடம், "இவரு பாலித் தீவு மொத்தத்தையும் பிளாட் போட்டுட்டாருக்கா" என்றார். எதிரே உட்கார்ந்த கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சொந்த மனை இல்லாத நான் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சிங்கப்பூர்ல கீற பொண்ணு, பாலி சுத்திப் பாக்க எங்க ரெண்டு பேருக்கு மட்டும்னு ஒரு நாள் கார் ஏற்பாடு பண்ணிச்சு. டிரைவரு கிராமத்துப் பக்கமா போவான், நாம சொல்ற எடத்துல நிறுத்துவான். இவரு வயலுக்கு வயல் நிறுத்தி, 'இதுல எட்டு மனை, நடுவுல ரோடு'ன்றாரு."

"தொழில் புத்தி போவுமா?"

"பம்மல்ல நல்ல மனையெல்லாம் வித்துட்டு என்னைச் சந்துல குடிவெச்ச மனுஷனாச்சே. சாயங்காலமா ஒரு வயலாண்ட நின்னு, 'சரோஜா, இந்தக் கிழக்குப் பாத்த கார்னர் உனக்கு. இத விக்க மாட்டேன்'னாரு."

"அத பம்மல்லயே குடுத்தா இன்னாவாம்?"

கணவர் இப்போதுதான் திரும்பினார்.

"பம்மல்ல வெச்சா, எவனாவது நல்ல வெல கேட்டா குடுத்துடுவேன்க்கா. அதான் என் கை எட்டாத எடமா பாத்து வெச்சேன்."