சொந்த விருப்பத்தின் பேரில்

இல்ல தம்பி, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. உங்கள அனுப்பினவங்க மேலதான். உக்காருங்க. அது வேணாம், அந்த நாற்காலி ஆடும். இதுல உக்காருங்க. கம்பெனியிலேர்ந்து எச்.ஆர். ஆள் பிரேம்னு ஒருத்தர் வருவார்னு சென்டர்ல சொன்னாங்க, இவ்வளவு சின்ன வயசுன்னு நினைக்கல. வேர்த்துப் போச்சு பாருங்க. ஞாயித்துக்கிழமை கெர்பாவ் ரோட்டுல இந்தக் கூட்டத்துல நடந்து வர்றதே பெரிய பாடு. ஃபேன் அவ்வளவுதான் சுத்தும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? இங்கிலீஷ் டீச்சர் தமிழ்லயே பேசுறாளேன்னா? இங்கிலீஷ்லயும் பேச முடியும் லா. வாரத்துல அஞ்சு நாள் யூனிவர்சிட்டி பிள்ளைங்களுக்கு தீசிஸ் எழுதச் சொல்லிக் குடுக்குறேன். பிஎச்டி பண்றவங்க. இருபத்திரெண்டு வருஷமா அதான் என் வேலை. இந்த சென்டர் கிளாஸ் ஞாயித்துக்கிழமை மட்டும், ஊர்லேர்ந்து வந்து கட்டட சைட்ல வேலை பாக்குறவங்களுக்கு.

ரெண்டும் இங்கிலீஷ்தான், ஆனா தலைகீழ். அங்க என் மொத பாடமே, நான்னு எழுதாதீங்கங்கிறதுதான். ஐ ஃபவுண்ட்னு போடாதே, இட் வாஸ் ஃபவுண்ட்னு போடு. யாரு செஞ்சதுன்னு தெரியாம எழுதினா புரொஃபசர்களுக்கு சந்தோஷம். இங்க வந்தா மொத பாடம், யாரு செஞ்சா, யாரு சொன்னா, அத மறைக்காம சொல்லு. ஐ ஃபெல். ஹி டோல்ட் மீ டு கோ அப். ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். இந்த மூணு வாக்கியத்தையும் வாய் விட்டு சொல்ல வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திடும். புரியலன்னு சொல்றதுக்குத்தான் அவங்களுக்கு ரொம்ப பயம். சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காகிதத்தக் குடுங்க. ராமலிங்கம் குடுத்த வாக்குமூலம்னு சொல்றீங்களே, அது.

கண்ணாடி போட்டுக்கிறேன். ம்... ஐ ஹாட் ரிடர்ன்ட் டு த சைட் ஆஃப்டர் ஒர்க்கிங் ஹவர்ஸ், ஆஃப் மை ஓன் அக்கார்ட், டு ரிட்ரீவ் மை மொபைல் ஃபோன். வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு, என் சொந்த விருப்பத்தின் பேர்ல, ஃபோன எடுக்கத் திரும்ப சைட்டுக்குப் போனேன். அப்படிப் போய் விழுந்தா அது வேலையில பட்ட காயம் இல்ல, கம்பெனிக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. அதானே தம்பி கணக்கு?

நீங்க அந்த ஆள நேர்ல பாத்திருக்கீங்களா? ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில. நான் எட்டு மாசம் பாத்தேன். அறந்தாங்கி பக்கம். கான்கிரீட் ஊத்துறதுக்குப் பலகை அடிக்கிற கார்ப்பென்டர். கிளாஸுக்கு மொத ஆளா வருவாரு, சட்டைய டக்-இன் பண்ணிக்கிட்டு. அவருக்கு கோ வேற வென்ட் வேறன்னு புரிய நாலு மாசம் ஆச்சு. நேத்து நடந்ததையும் ஐ கோ, நாளைக்கு நடக்கப் போறதையும் ஐ கோ. அவரு ஹாட் ரிடர்ன்ட்னு எழுதினாராம். என் பிஎச்டி பிள்ளைங்களே அத தப்பாதான் எழுதுதுங்க.

அக்கார்ட்னா அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், காரு. உங்க சூப்பர்வைசர் ஓட்டிக்கிட்டு வர்ற காரு.

சிரிக்காதீங்க. சிரிக்கிற விஷயம் இல்ல.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன், நாலாவது நாளு. நீங்க போனது ரெண்டாவது நாளு. என்கிட்ட அவரு தமிழ்ல சொன்னாரு. பாசிர் ரிஸ் சைட்ல அன்னைக்கு வேலை முடிஞ்சு, கை கால் கழுவி, தங்குற இடத்துக்குப் போற லாரிக்காகக் காத்துக்கிட்டு நின்னாராம். மழை கறுத்துக்கிட்டு வந்துச்சு. சூப்பர்வைசர் கூப்பிட்டு, மேல ரெண்டு பலகை கட்டாம கிடக்கு, காத்துல பறந்துடும், ஏறி எடுத்துட்டு வான்னாராம். இவரு ஏறினாரு. அதுக்குள்ள தூறல் விழுந்து பலகை ஈரம். ரெண்டு மாடி ஒசரம் தம்பி. வலது மணிக்கட்டு தூளாயிடுச்சு. ஃபோன் எங்க இருந்துச்சு தெரியுமா? சட்டைப் பையில. விழுந்ததுல கண்ணாடி விரிசல் விட்டுருக்கு, என்கிட்ட காட்டினாரு. பையில இருக்கிற ஃபோன எடுக்க யாராவது மாடி ஏறுவாங்களா?

இந்தக் கையெழுத்தப் பாருங்க. ரா-வும் ம-வும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. இடது கை. வலிக்கு ஊசி போட்டு பாதி மயக்கத்துல இருந்தாரு, இது லீவு ஃபார்ம்னு நினைச்சேன் டீச்சர்னு சொன்னாரு.

அப்படியா? அவரே சொன்னாரு, நீங்க எழுதிக்கிட்டீங்க? எந்த மொழியில சொன்னாரு?

தெரியலையா. சரி, நான் ஒண்ணு காட்டுறேன். இது ராமலிங்கத்தப் பத்தி லெட்டர் கேட்டு நீங்க புதன்கிழமை எனக்கு அனுப்பின இமெயில். கடைசி வரி படிங்க. சத்தமா. படிக்க மாட்டீங்களா? நானே படிக்கிறேன். வி ட்ரஸ்ட் தட் யூ வில் ஃபர்னிஷ் த லெட்டர் ஆஃப் யுவர் ஓன் அக்கார்ட். லெட்டர நானே சொந்த விருப்பத்தின் பேர்ல குடுப்பேன்னு நம்புறீங்களாம், வாக்குமூலத்துல இருக்கிற அதே வார்த்தை.

நல்லா எழுதுறீங்க தம்பி. நிஜமாத்தான் சொல்றேன். ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. இருபத்திரெண்டு வருஷமா நான் திருத்துறது அதத்தானே. யாரு யாருக்கு தீசிஸ் எழுதிக் குடுத்தான்னு அரைப் பக்கம் படிச்சா சொல்லிடுவேன்.

தண்ணி குடிங்க. அந்த பாட்டில்தான், குடிங்க.

மேனேஜர் சொன்னாரு, நீங்க டைப் பண்ணீங்க. அவ்வளவுதானே? நம்புறேன். உங்களுக்கும் வீடு இருக்கும், பிள்ளைகுட்டி இருக்கும். நான் உங்க மேல புகார் எழுதல. ஆனா இத யாராவது என்கிட்ட கேட்டா, இப்ப உங்ககிட்ட சொன்னதத்தான் சொல்வேன். ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன்.

கம்பெனி இனிமே இந்த சென்டருக்கு ஆள் அனுப்பாதா? அனுப்ப வேணாம். அதயும் மேனேஜர்தான் சொல்லச் சொன்னாரா? போய் சொல்லுங்க, கேட்டுக்கிட்டேன்னு. உங்க கம்பெனிக்காரங்க இல்லன்னா இந்த ரூம் காலியாயிடும்னு நினைச்சீங்களா? கீழ இறங்கி ரோட்டப் பாருங்க. பயமுறுத்துறதுக்கு வேற ஆளப் பாருங்க தம்பி, எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு.

ம்? ஆமா. அத எப்ப எடுப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்.

குடுங்க, பாக்குறேன். ஆமா, எங்க சென்டர் சர்டிஃபிகேட்தான். ராமலிங்கம், ஒர்க்பிளேஸ் இங்கிலீஷ், ரெண்டாவது லெவல், பாஸ். வேலையிடத்துல குடுக்குற நோட்டீஸ், ரிப்போர்ட் எல்லாம் படிச்சுப் புரிஞ்சுக்க முடியும்னு போட்டிருக்கு. கீழ கையெழுத்து யோகம். நான்தான். நீங்க கேக்குற லெட்டர்லயும் இததான எழுதச் சொல்றீங்க, இவருக்கு இங்கிலீஷ் புரியும், புரிஞ்சுதான் கையெழுத்து போட்டாருன்னு? சரியாத்தான் கேக்குறீங்க. சர்டிஃபிகேட் குடுத்த டீச்சரே லெட்டர் குடுக்க மாட்டேன்னா, அப்ப சர்டிஃபிகேட் பொய்யான்னு எவனும் கேப்பான்.

பொய்தான்.

ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. அந்த டெஸ்ட் அவருக்கு மூணாவது தடவை. இந்தத் தடவையும் பெயில்னா ஒர்க் பெர்மிட்டப் புதுப்பிக்க மாட்டோம்னு உங்க ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க. நோட்டீஸ் ஒண்ணக் குடுத்து அஞ்சு கேள்வி கேக்கணும், மூணுக்குச் சரியா சொன்னா பாஸ். ரெண்டு சொல்லிட்டாரு. மத்த ரெண்டு தப்பு. மிச்சம் இருந்தது ஒண்ணு. இங்கிலீஷ்ல கேட்டேன், முழிச்சாரு. திரும்பக் கேட்டேன். அப்புறம் அதையே தமிழ்ல கேட்டேன். டக்குனு சொன்னாரு, தமிழ்ல, அவ்வளவு தெளிவா. நான் டிக் போட்டுட்டேன். நல்லது பண்றதா நினைச்சேன். அன்னைக்கு டிக் போடலன்னா ஊருக்குப் போயிருப்பாரு, கோவத்தோட போயிருப்பாரு, ரெண்டு கையோட போயிருப்பாரு.

எங்க ஓரல் டெஸ்ட் எல்லாம் ரெக்கார்டிங் ஆகும். யாரும் போட்டுக் கேக்குறதில்ல, அதான் நானும் துணிஞ்சேன். வெள்ளிக்கிழமை காலையில அந்த ரெக்கார்டிங்க எடுத்துக்கிட்டு மனிதவள அமைச்சு ஆபீசுக்குப் போனேன். இந்த ஆளு பாஸ் ஆகல, பாஸ்னு பொய்யா போட்டது நான், இவருக்கு அந்த வாக்குமூலத்துல ஒரு வரி கூட புரிஞ்சிருக்காதுன்னு எழுதிக் குடுத்தேன். சென்டருக்கும் ஒரு காப்பி. சென்டர்லேர்ந்து நேத்தே பதில் வந்துடுச்சு, கிளாஸ இன்னையோட நிறுத்திக்கச் சொல்லி. திங்கட்கிழமை யூனிவர்சிட்டியிலயும் நானே போய் சொல்லப் போறேன். அங்கயும் வச்சிருக்க மாட்டாங்க. பொய் மார்க் போட்ட டீச்சர யாரு வச்சிருப்பா.

அதனால, நீங்க கேக்குற லெட்டர நான் எழுதிக் குடுத்தாலும் இனிமே அது செல்லாது தம்பி. பாத்து இறங்குங்க, கிளாஸுக்குப் பிள்ளைங்க படியேறி வர்றாங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது.