ரிப்போர்ட் அண்ணன் வேகம்

“பேய் என்று ஒன்று இருந்தால், அது முதலில் முறைப்படி புகார் பதிவு செய்யட்டும். பதிவு எண் இல்லாத எந்தப் பிரச்சினையையும் நான் பார்ப்பதில்லை.”

இதை மேடைப் பேச்சுபோல அறிவித்தவர் நம் கோந்துவின் அத்தான். அதோ, போர்வைக்குள் முக்கால்வாசி போய்விட்டானே கோந்து, அவனுடைய அக்கா புருஷன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். கல்யாணப் போட்டோவிலேயே சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் தெரியும்.

விளக்கைப் போடாதீர்கள். போட்டால் நிறுத்திவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை... மதியம் இரண்டரை மணி. ஆமாம், பட்டப்பகல். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் நீளச் சாலை. இரண்டு பக்கமும் இறக்கிய ஷட்டர்கள். ஒரு நாய்கூட இல்லை. இருந்த ஒன்றும் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அத்தான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பைக் ஓட்டிக்கொண்டு போனார். சாலை முடிகிற இடத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம்.

ரத்தம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அங்கே வருவதில் பாதி, மூடி சரியாகப் போடாத டப்பாக்கள்.

விடுமுறை நாளிலும் அவசரத்துக்காக உள்ளே இருந்தது ஒரே ஆள், லேப் அக்கா. வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“சார், நேத்து நீங்க கம்ப்யூட்டர மாத்திக் குடுத்ததுல இருந்து நகரவே மாட்டேங்குது. ஆறு மணிக்கு ஒரு சின்னப் பிள்ளைக்கு ஆபரேஷன். ரத்தம் உறையுற ரிப்போர்ட் ரெண்டு பக்கம். அது போகாம டாக்டர் கத்தியத் தொட மாட்டாராம். பிள்ளையோட பழைய அளவெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, கையால எழுதிக் குடுக்க முடியாது.”

விஷயம் இதுதான். அந்தக் கூடத்தின் ரிப்போர்ட் மென்பொருள் அரதப் பழசு. புது கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் ஒரு பழைய கம்ப்யூட்டரையே அப்படியே ஒரு கோப்பாகச் சுருட்டி, இன்னொரு கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். வயிறு கொடுத்த பெட்டி பழுதாகிவிட்டது. அத்தான் சனிக்கிழமை வந்து, அந்தக் கோப்பை நாலு மடங்கு வேகமான புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தார்.

அன்றைக்குப் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே தூசி இல்லை. தூசி என்றால் பரவாயில்லையே. விசிறியைச் சுற்றி முடி, எண்ணெய்ப் பிசுக்கு, கரப்பான் முட்டை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால்... பொலபொலவென்று நகம். கடித்துத் துப்பிய நகம். ஒரு கைப்பிடி இருக்கும்.

பத்தொன்பது வருடம் அதில் டைப் அடித்தவர் ரிப்போர்ட் அண்ணன். இரண்டே விரல். ஏழெட்டு எழுத்துக்கு ஒரு நகம். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். திங்கட்கிழமை காலையில்தான் கதவைத் திறந்தார்கள். வெயில் காலம்.

மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். நான் இன்னும் சாப்பிடவில்லை.

பெட்டி, கீபோர்டு, மவுஸ் எல்லாமே புதுசு. நாற்காலி மட்டும் பழசு. கைப்பிடி இல்லாத அகல நாற்காலி. முதலாளி துடைத்துவிட்டாராம். அத்தான் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து வேலையைத் தொடங்கினார்.

முதலில் தன் தப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். தாராள மனசில் புதுப் பெட்டியின் மூளையிலுள்ள எல்லாக் கோர்களையும் உள்ளே இருக்கிற மெஷினுக்கே தூக்கிக் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுத்தால் வெளிப்பெட்டிக்கு மூச்சு முட்டும். குறைத்தார். நகரவில்லை. மின்சாரம் சேமிக்கும் அமைப்பை அணைத்தார். வைரஸ் தேடும் மென்பொருள் அந்தக் கோப்பை நோண்டாதபடி விலக்கினார். மெஷினுக்குள் போட வேண்டிய துணை மென்பொருளைப் புதிதாகப் போட்டார். ஊஹும். அளவைப் பார்த்தால் வெளியே மூன்று சதவீதம், உள்ளே இரண்டு சதவீதம்தான் வேலை ஓடுகிறது. இரண்டுமே சும்மா இருக்கின்றன. ஆனால் நகரவில்லை.

மணி ஐந்து. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது போன்.

அத்தான் ‘சோதனை’ என்று அடித்தார். அரை வினாடி வேலை. திரை காலி. பிறகு...

சோ.

கொஞ்ச நேரம் கழித்து... த.

அப்புறம்... னி.

னி அழிந்தது. னை வந்தது.

அத்தான் அடித்ததில் தப்பே இல்லை. தப்பாக அடித்து, பார்த்து, அழித்துத் திருத்த உள்ளே யார் இருக்கிறார்கள்?

பெட்டிக்குள் ‘டக்’ என்றது. புதுப் பெட்டியில் விசிறியைத் தவிரச் சுற்றுகிற பொருளே கிடையாது. டக்... டக்... பிறகு, ‘த்தூ’. ஊறிப்போன எச்சில் வாடை அத்தான் முகத்தில் வந்து மோதியது.

லேப் அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. “இதுதான் சார் அண்ணன் ஸ்பீடு. பழைய பெட்டியோட போயிட்டாருன்னு நெனச்சேன், இதுலயும் வந்துட்டாரு. நின்னுக்கிட்டு அடிச்சா அவரே மறுபடி அடிச்சுப் பார்ப்பாரு. தள்ளுங்க.”

நாற்காலியின் ஒரு ஓரத்தில், பாதி இடம் விட்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்ன மேடம், பஸ் சீட்டா? பக்கத்துல யாருக்குத் துண்டு போட்டு வச்சிருக்கீங்க?”

“நீங்க சிரிங்க. எனக்கு ரிப்போர்ட் போகணும்.”

அடித்தார். எழுத்துகள் மழை மாதிரி கொட்டின. முதல் பக்கம் பிரிண்டரிலிருந்து வந்தது. அத்தான் எடுத்தார். மூலையில் ஈரம். பிசுபிசுவென்று, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிய கட்டைவிரல் அளவுக்கு... வட்டமாக. அத்தான் அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார், வேறு யாருடைய கையோபோல.

“ரோலர்ல தண்ணி,” என்றார். குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது.

மறுபடி போன். பிள்ளையை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். முதல் பக்கத்தையாவது வாங்கிப்போக வாசலுக்கு ஆள் வந்தாயிற்று. லேப் அக்கா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். “ரெண்டாவது பக்கத்தை நீங்க அடிச்சிருங்க சார்! நோட்டுல இருக்கு, பன்னெண்டே வரி!”

அறையில் அத்தான் மட்டும். ஐந்து நாற்பது.

நின்றபடியே முதல் வரியை அடித்தார். ஒரு எழுத்து வந்தது... நின்றது... டக். இன்னொரு எழுத்து. அழிந்தது. ஐந்து நாற்பத்திரண்டு. இந்த வேகத்தில் பன்னிரண்டு வரி முடிய நள்ளிரவாகும். திருகுகிற எல்லாவற்றையும் திருகியாயிற்று. பன்னிரண்டு வருட அனுபவத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

அத்தான் அறைக் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. பையிலிருந்த செய்தித்தாளை எடுத்து நாற்காலி முழுக்க விரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு... சத்தம் போடாமல்... ஒரு ஓரத்தில், பாதி இடம் விட்டு, உட்கார்ந்தார்.

எழுத்துகள் ஓடின. நாலு வரி. எட்டு வரி. பதினொன்று.

காலியாக இருந்த பாதியில் செய்தித்தாள் மெல்லச் சரசரத்தது. நடுவில் குழிந்தது. அந்தக் குழியில், அடியிலிருந்து ஒரு மஞ்சள் ஈரம் ஊறி... வட்டமாக... அவர் தொடைப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அத்தான் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.