காவல்காரியின் படத்துக்குக் காவல்

— நேத்து ஒரு ஜப்பான்காரிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியாமே, அக்கா.

— யாரு சொன்னா?

— வாசல்ல தபால் அட்டை விக்கிற ஷோனா. அந்தப் பொண்ணு அட்டையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சாம். படத்துல இருக்கற அம்மாவே எழுதிக் கொடுத்தாங்கன்னு சொல்லுச்சாம். ஷோனா எட்டிப் பாத்தா, கொட்டை எழுத்துல உன் பேரு, நெட்டான்னு.

— அவளா வந்து நீங்கதானேன்னு கேட்டா. நான் இல்லேன்னு சொல்லல, அவ்வளவுதான்.

— ஆமான்னு சொன்னியா?

— தலையை ஆட்டினேன்.

— இதோட எத்தனை பேருக்கு ஆட்டியிருக்கே?

— அம்மாடி, கணக்கு வேறயா. மழைக்கு ஒதுங்கி இந்த ஓவியக் கூடத்துக்குள்ள வர்றவங்கல்லாம் முதல்ல இந்தப் படத்தைப் பாக்கறாங்க, அப்புறம் பக்கத்துல நிக்கற என்னைப் பாக்கறாங்க. ரெண்டு மூஞ்சியும் ஒரே ஜாடை. நான் என்ன பண்ணட்டும், மூஞ்சியைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வரவா?

— வரைஞ்சது என்னை இல்ல, என் தங்கச்சியைன்னு ஒரு வார்த்தை. சொன்னா வாய் வலிக்குதா?

— வலிக்குது ரோனா. நிஜமாவே வலிக்குது.

— சரி, கேளு. படத்துக்கு முன்னாடி கட்டின கயிறு கோணலா தொங்குது, உன் பக்கம் இழு. கதவு திறக்க இருபது நிமிஷம் இருக்கு. நான் சொல்ல வந்தது வேற.

— இன்னும் வேற இருக்கா?

— மூணு மணிக்குக் கெய்ர்ட் வர்றாரு. படத்துக்குப் பக்கத்துல நின்னு, இதை எப்படி வரைஞ்சேன்னு பேசப் போறாரு. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அரண்மனைப் பக்கத்துலேர்ந்தும் ஒருத்தர் ரெண்டு பேரு இறங்கி வருவாங்கன்னு நம்ம மேலாளர் லோரிமர் சொல்றாரு.

— அந்தக் கதவைத் திறக்கறாங்களா? அந்த மூலையில இருக்கற அரண்மனைக் கதவையா?

— கொடி ஏறியிருக்கே, பாக்கலியா? ராஜா குடும்பத்துல எல்லாரும் மேல தங்கியிருக்காங்க.

— பத்தொம்பது வருஷமா பாக்கறேன். வருஷத்துக்கு ஒரு வாரம் கொடி ஏறும், அப்புறம் இறங்கும். அவங்க வீட்டுப் படத்துக்கெல்லாம் நான் காவல் நின்னேன். ஒரு நாள் அந்தக் கதவு எனக்காகத் திறந்ததில்ல. நீ வந்து நாலு வருஷம் ஆகுது, உனக்குத் திறக்குது.

— அதனாலதான் சொல்றேன். மத்தியானம் நீ வீட்டுக்குப் போயிரு. உன் நேரத்தையும் நானே பாத்துக்கறேன்.

— நீயா? படத்துல இருக்கறவ இந்த அறையில காவல் நிக்கக் கூடாது, வேடிக்கை பாக்கக் கூட்டம் சேந்துரும்னு லோரிமர்தானே உன்னைக் கீழ்த்தளத்துக்கு மாத்தினாரு.

— இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விடறேன்னாரு. பேசிட்டேன்.

— ஓஹோ. பேசியாச்சு. எல்லாம் முடிவாகி, கடைசியில எனக்கு வந்து செய்தி சொல்றே.

— உன் நல்லதுக்குத்தான் அக்கா. அவரு வந்து, இதுதான் அந்தப் பொம்பளைன்னு கை காட்டும்போது நீ இங்க நின்னா எப்படி இருக்கும்? ஷோனா நிப்பா, டிக்கெட் கிழிக்கறவங்க நிப்பாங்க. உன் தலையாட்டல் கதை எல்லாருக்கும் தெரியும். சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். லீத் துறைமுகத்துக் கடையில ஹேடக் மீன் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தியே, உன்னை இங்க கூட்டிட்டு வந்தது யாரு?

— நீதான். வாரா வாரம் ஞாபகப்படுத்தறே.

— லோரிமர் கால்ல விழாத குறையா நின்னு கேட்டேன். என் தங்கச்சி கெட்டிக்காரி, ஒரு வாய்ப்பு கொடுங்கன்னு. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும். சின்ன வயசுலேர்ந்து எனக்குன்னு வந்ததெல்லாம் சுத்திச் சுத்தி உன் கைக்குத்தான் போயிருக்கு.

— என் கைக்கா? என்ன வந்துச்சு என் கைக்கு? பள்ளிக்கூடத்துல நெட்டாவோட தங்கச்சி. சர்ச்சுல, அந்தப் பாடற பொண்ணோட தங்கச்சி. உன் கல்யாணத்துல எங்கிட்ட வந்தவனெல்லாம் உன்னைப் பத்தித்தான் பேசினான். எனக்குப் பேரு இருக்குன்னே இந்த ஊருக்கு ரொம்ப நாள் தெரியாது.

— இப்போ தெரிஞ்சுருச்சுல்ல. அட்டை அட்டையா விக்கிறாங்க.

— ஆமா, விக்கிறாங்க. உனக்கு அது பொறுக்கல.

— பொறுக்கல. வாயைத் திறந்தே சொல்றேன், பொறுக்கல. நவம்பர்லேர்ந்து அந்த மனுஷன் வந்து உக்காந்தது என் அறையில. பழைய படங்களைப் பாத்து வரைய அனுமதிச் சீட்டு வாங்கிட்டு வந்தாரு. மடக்கு நாற்காலி யாரு கொடுத்தா? நான். குளிர்ல விரல் விறைச்சுப் போகுதேன்னு வெப்பக் குழாய்க்குப் பக்கத்துல இடம் ஒதுக்கினது யாரு? கரித் தூளைக் கம்பளத்துல கொட்டினாரு, லோரிமருக்குத் தெரியாம நான் பெருக்கினேன். என் ஓட்ஸ் பிஸ்கட்டுல பாதி அவருக்கு. அவரு பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசினா அன்னிக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமா இருக்கும். போதுமா? சொல்லிட்டேன்.

— இதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா.

— தெரிஞ்சுமா வந்து நின்னே? பதினோரு மணிக்கு நான் டீ குடிக்கக் கீழ போவேன். எனக்கு மாத்தா நீ வருவே. இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துல நீ படமாயிட்டே. மிச்ச நேரமெல்லாம் நான் இங்க கால் கடுக்க நின்னேன், என் கட்டைவிரலைக் கூட அவரு வரையல. அதுவும் போகட்டும். நீ படமா தொங்கற, உன்னை யாரும் தொடாம நான் காவல் காக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, தொடாதீங்க அம்மான்னு நாள் பூரா உனக்குச் சேவகம். நாலு மாசமா.

— அக்கா, கத்தாதே. கீழ கேக்கும்.

— கேக்கட்டும்.

— கேளு, கடைசியா சொல்றேன். நீ பன்னிரண்டு மணிக்குக் கிளம்பலேன்னா, கையெழுத்து விஷயத்தை நானே போய் லோரிமர்கிட்ட சொல்லுவேன். பொய் சொல்லி ஜனங்களை ஏமாத்தினான்னு உன் வேலையே போகும்.

— சொல்லுவியா?

— சொல்லுவேன்.

— எங்க, என் கண்ணைப் பாத்துச் சொல்லு.

— சொல்லுவேன் அக்கா. என்னை அங்க வரைக்கும் தள்ளாதே.

— போய்ச் சொல்லு. இப்பவே போ. வேலை போனா போகுது. மூணு மணி வரைக்கும் என்னை யாரும் இங்கேர்ந்து நகத்த முடியாது. அவருகிட்ட எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

— என்ன கேக்கப் போறே?

— ஒரு குளிர்காலம் பூரா என் பக்கத்துல உக்காந்தீங்களே, எங்கிட்ட என்ன குறைச்சலைக் கண்டீங்கன்னு.

— அதைக் கேக்காதே.

— ஏன்?

— கேக்காதேன்னா கேக்காதே. மானம் போயிரும்.

— யாரு மானம்? யாரு சிரிச்சாலும் உனக்குக் கவலையில்ல. நான் அவருகிட்ட பேசக் கூடாது, அதானே உனக்கு வேணும்?

— அப்படியெல்லாம் இல்ல.

— உனக்கும் அவருக்கும் நடுவுல ஏதாவது உண்டா?

— இருந்திருந்தா நான் ஏன் இப்படி உங்கிட்ட கெஞ்சிக்கிட்டு நிக்கறேன்.

— அப்போ என்னடீ? சொல்லித் தொலை.

— முதல் நாள் நீ டீ குடிக்கப் படி இறங்கினதும், அவரு எந்திரிச்சு எங்கிட்ட வந்தாரு. பழைய படத்தை வரையத்தான் வந்தேன், இப்போ அந்த அம்மாவைத் தவிர எதுவும் கண்ணுல படலேன்னாரு. ஆனா நீ பக்கத்துல இருந்தா அவருக்குக் கை ஓடலையாம்.

— எந்த அம்மா?

— நீதான். உங்க அக்கா நிக்கற மாதிரியே கொஞ்சம் நில்லுங்களேன்னு எங்கிட்ட கேட்டாரு. இடுப்பு வலிக்கு நீ இடது கால்ல சாஞ்சு நிப்பியே, அப்படி. தாடையை இன்னும் தூக்குங்க, அவங்க தூக்குவாங்கன்னு சொன்னாரு. ஒரு நாள் நான் தலையை வேற மாதிரி வாரி, உதட்டுக்குச் சாயம் பூசிட்டு வந்தேன். கைக்குட்டையைக் கொடுத்து, துடைச்சிருங்க, அவங்க பூச மாட்டாங்கன்னாரு.

— என்னடீ சொல்றே. இது நானா?

— படம் மாட்டின அன்னிக்கே உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. அவரு வாயால சொல்ல வெக்கமாம். நான் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு ரோனா படம், ரோனா படம்னு கை தட்டினாங்க. வாய் வரல அக்கா.

— நாலு மாசமா இதை மறைச்சுட்டு, எனக்குத்தான் பொறுக்கலேன்னு சொன்னியா?

— ஆறு வாரம் என் மூஞ்சியைப் பாத்துப் பாத்து அவரு உன்னை வரைஞ்சாரு. நான் அங்க நின்னதை ஒரு நாள் கூட அவரு பாக்கலையே, அக்கா.