சமையல வெளிய குடுத்தாச்சு

அட, அதுல ஒக்காராதீங்க பாஸ், அந்த நாற்காலிக்கு ஒரு காலு சரியில்ல. இப்பிடி ஃபேனுக்கு நேரா வாங்க. டையெல்லாம் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க! புக்கிட் ரோத்தான்ல கல்யாண விருந்துக்கு டை கட்டிக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான். மாப்பிள்ளையே அவுத்துப் போட்டுட்டான், அந்தா மேடையில நிக்கறான் பாருங்க, என் தம்பி பவனேஷ். யாரு மாப்பிள்ளைன்னு சனம் கொழம்பப் போவுது.

வழி தவறிட்டீங்களா? தெரியும். போன்ல மேப்ப நம்பி வர்றவங்க எல்லாருமே செம்பனைத் தோட்டத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வருவாங்க. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? ஆமாமா, ஃபண்டு விலை வரலைன்னாத்தான் ஒங்களுக்கு என் நம்பரு ஞாபகம் வரும். சும்மா சொன்னேன் லா, மூஞ்ச அப்பிடி வெச்சிக்காதீங்க.

என்னா? நல்ல சேதியா? இருங்க, தட்டு வந்துரட்டும். சோறு, கோழி, ஆட்டுக்கறி, ரெண்டையும் போட்டுக்குங்க, கூச்சப்படாதீங்க. ம், இப்ப சொல்லுங்க.

ஓ. முடிவே பண்ணிட்டீங்களா. வேலைய வெளி கம்பெனிக்கு குடுக்கல. ஆபரேஷன்ஸ் மொத்தமும் நம்ம ஆபீஸ்லயே, நம்ம ஆளுங்களே பாக்கறாங்க. அததான் நாளைக்கு போர்டு மீட்டிங்ல சொல்லப் போறீங்க. எனக்காகவா? பிரமிளா மாதிரி ஒரு ஆளு வெளிய கெடைக்காதுன்னா? அத சொல்லத்தான் ஞாயித்துக்கெழமை இம்புட்டு தூரம் வந்தீங்களா... நன்றி பாஸ். இல்லயே, சந்தோசந்தான். சந்தோசம் இல்லாம என்னா. கறிய எடுத்துக்குங்க, ஆறிப்போயிரும்.

எங்கம்மா ஒங்கள பாத்து ஏன் அப்பிடி சிரிச்சாங்கன்னு கேக்கறீங்களா? அது ஒரு கத. போன வாரம் கேட்டாங்க, சத்தியசீலன் தம்பி ஆபீஸ்ல அப்பிடி என்னாதான் வேலைன்னு. பாஸ்னெல்லாம் அவங்களுக்கு வராது, நீங்க தம்பிதான். நான் சொன்னேன், அவரு சனங்க குடுக்கற காசுல பங்கு வாங்குவாரு, விப்பாரு. வாங்குனது வந்து சேந்துச்சா, வித்ததுக்கு காசு வந்துச்சா, நம்ம கணக்கும் பேங்கு கணக்கும் ஒத்துப் போவுதா, இன்னைக்கு ஒரு யூனிட்டு என்னா விலை, இதெல்லாம் நாங்க பின்னாடி பாத்துக்குவோம்னு. அப்ப அவரு மாப்பிள்ளை, நீ சமையக்காரியான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். அதனாலதான் ஒங்க டைய பாத்ததும் அவங்களால தாங்க முடியல.

சமையல்னதும் சொல்றேன், நீங்க சாப்பிடறது கேட்டரிங்கு. எங்க சொந்தத்துல இதான் மொத தடவ. ஒங்க போர்டுல நடந்த சண்ட இருக்கே, உள்ளயா வெளியவான்னு, அதே சண்ட எங்க வீட்டுக் கூடத்துலயும் நடந்துச்சு. என்னா ஒண்ணு, எங்க வீட்டுல கோவிச்சிக்கிட்டு எந்திரிச்சிப் போவாங்க, ஒங்க போர்டுல காப்பி குடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவாங்க.

நம்ம ஆளு செஞ்சா செலவு கம்மின்னு ஒரு கூட்டம். எங்க கம்மி? அடுப்பு வாடகை, சட்டி வாடகை, வெங்காயம் உரிக்க பாதி சொந்தம் வேலைக்கு லீவு போடணும், அதையெல்லாம் யாரு சேத்தா கணக்குல? இன்னொரு கூட்டம், கேட்டரிங்காரன் ஒரே நாள்ல மூணு கல்யாணம் பாப்பான், நம்ம கல்யாணம் அவனுக்கு மூணாவதா போயிட்டா என்னா பண்றதுன்னு. அதுவும் ஞாயந்தான். நீங்களே கேட்டீங்களே, வெளி கம்பெனி எத்தனையோ பெரிய ஃபண்ட பாக்கறான், நம்ம சின்ன ஃபண்டு அவன் கண்ணுக்குத் தெரியுமான்னு. நீங்க அப்பிடி கேட்டப்ப எனக்கு எங்க சித்தப்பா பேசற மாதிரியே இருந்துச்சு. சிரிப்ப அடக்க முடியாம தண்ணி குடிச்சேன்.

அந்தா, மஞ்ச சட்ட போட்டுக்கிட்டு தோள்ல துண்டோட ஒருத்தரு, கேட்டரிங்காரங்க பாத்திரத்த எல்லாம் தொறந்து தொறந்து பாக்கறாரே, அவருதான் எங்க சன்னாசி மாமா. ஐயோ பாருங்க, கரண்டியவே புடுங்கிட்டாரு! அந்த அண்ணனுக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல.

அவரு சாதாரண ஆளு இல்ல பாஸ். நாங்கள்லாம் தோட்டத்து லயத்துல இருந்தப்பவே, யாரு வீட்டு விசேசமா இருந்தாலும் ஆட்டுக்கறின்னா அது மாமா கையிதான். எங்க பக்கம் வழக்கம் என்னான்னா, காலையில கோயில்ல தாலி கட்டு, சாயந்தரம் வீட்டுல கறி விருந்து. சனமெல்லாம் பட்டு கட்டிக்கிட்டு கோயிலுக்கு கெளம்பும். மாமா மட்டும் வீட்டுக்குப் பின்னாடி கைலிய மடிச்சி கட்டிக்கிட்டு அடுப்போட நிப்பாரு. கறி வேகணும்ல? மாமா கை பட்டாத்தான் ருசி, மாமா இல்லன்னா கல்யாணமே இல்லன்னு எல்லாரும் சொல்லுவோம். அவருக்கும் அத கேட்டா குளுந்து போயிரும். அப்பிடி சொல்லி சொல்லியே அந்த மனுசன அங்கயே நிக்க வெச்சிட்டோம்.

ரெண்டாவது ஆளா? கெடையவே கெடையாது. யாரும் கத்துக்கல, அவரும் யாரையும் கிட்ட விடல. காய்ச்சல்னாலும் போர்வைய போத்திக்கிட்டு வந்து நிப்பாரு. சொந்த மக கழுத்துல தாலி ஏறுனதயே அவரு பாக்கல பாஸ். அன்னைக்கும் அடுப்புலதான். நான் வீடியோவுலதான் பாத்தேன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்போம். எனக்கு மட்டும் இப்பல்லாம் சிரிப்பு வர்றதில்ல.

ஆமா, கேட்டரிங்குன்னு சண்டைய முடிச்சி வெச்சதே நாந்தான். ருசி இருக்குதோ இல்லியோ, இந்த தடவ மாமா கோயிலுக்கு வரணும், அவ்ளோதான்னு சொல்லிட்டேன். எங்கிட்ட ஒரு வாரம் பேசல அவரு. காலையில இழுத்துக்கிட்டுப் போயி மொத வரிசையில ஒக்கார வெச்சோம். கைய எங்க வெக்கறதுன்னே தெரியல அவருக்கு, துண்ட பிழிஞ்சிக்கிட்டே இருந்தாரு. கெட்டி மேளம் கொட்டுனப்ப திரும்பி பாக்கறேன், மாமா கண்ணுல தண்ணியா ஊத்துது. கையில அட்சதைய வெச்சிக்கிட்டு தூவவே மறந்துட்டாரு. எல்லாரும் எந்திரிச்சதுக்கு அப்புறம் திடீர்னு ஞாபகம் வந்து ஒரே வீச்சு, போட்டோகாரரு தலையில.

ஆனா விட்டாரா? கோயில்லேர்ந்து வந்ததும் ஆளக் காணோம். பின்னாடி போயி பாத்தா, தனியா ஒரு அடுப்பு மூட்டி, தனியா ஒரு சட்டி கறி கொதிக்குது. என்னா மாமா இதுன்னா, அவன் கெடுத்து வெச்சான்னா என்னா பண்றது, ஒரு பாதுகாப்புக்குங்கறாரு. வெளியவும் காசு குடுத்து, உள்ளயும் சமைச்சா அதுக்கு என்னா பேரு? நீங்க சிரிக்காதீங்க பாஸ். வெளிய குடுத்திருந்தா நீங்களும் இததான் பண்ணியிருப்பீங்க. அவங்க போடற விலைய நம்பாம, நம்ம ஷர்மினிய ஒக்கார வெச்சி முழுசா இன்னொரு தரம் போடச் சொல்லுவீங்க. அவ பாவம், எனக்கு அசிஸ்டண்டா வந்து அந்த மாமா சட்டியில மாட்டிக்குவா.

சரி, ஒங்க தட்டுல நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே, அந்தக் கறி யாரு சமைச்சது, சொல்லுங்க பாப்போம். தப்பு. அது கேட்டரிங்கு. மாமா சட்டியில இன்னிக்கு உப்பு கூடிப்போச்சி. காலையில அழுத அழுகையில ரெண்டு தரம் போட்டுட்டாரு போல. அவருகிட்ட மூச்சு விட்றாதீங்க, நான் ரெண்டு கரண்டி சாப்பிட்டுட்டு அபாரம்னு சொல்லி வெச்சிருக்கேன்.

சிராப்பு குடிங்க, ரோஸ் சர்பத்து நல்லா ஜில்லுன்னு இருக்கு. இந்தாங்க.

போன வருசம் எனக்கு டெங்கி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பழக்கூட அனுப்புனீங்க. பெரிய கூட, வார்டுல எல்லாருக்கும் குடுத்தேன். அதுல கார்டு, நல்லா ரெஸ்ட் எடு, வேலைய பத்தி கவலப்படாதன்னு. கார்ட படிச்சி முடிக்கல, போன்ல ஒங்க மெசேஜு, பிரமிளா விலை ரெடியான்னு. ஐயோ, இப்ப எதுக்கு மன்னிப்பு? நான் சிரிக்கத்தான் சொல்றேன். ஒரு கையில ட்ரிப்பு ஏறுது, இன்னொரு கையால லேப்டாப்ப தட்டிக்கிட்டு இருக்கேன். நர்ஸு வந்து, ஒங்க ஆபீஸ்ல வேற ஆளே இல்லியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். எப்பிடி சொன்னேன் தெரியுமா? பெருமையா. அப்பிடி ஒரு பெருமை.

அப்புறந்தான் திரும்பி அம்மாவ பாத்தேன். கஞ்சிய கையில புடிச்சிக்கிட்டு, நான் முடிக்கட்டும்னு ஓரமா நிக்கறாங்க. கஞ்சி ஆறி ஆட கட்டிப்போச்சி. எனக்கு அழுகையா வந்துச்சி பாஸ். காய்ச்சல்னாலன்னு சொல்லிட்டேன்.

ஒங்கள குத்தம் சொல்லல. சின்ன ஃபண்டு, எத்தன பேரத்தான் நீங்க வெப்பீங்க? ஷர்மினி கெட்டிக்காரிதான். ஆனா கொஞ்சம் சிக்கலா வந்தா அக்கா நீங்களே பாருங்கம்பா, நானும் குடு நானே பாக்கறேன்னுருவேன். மாமாவ சொல்லிட்டேன், நானும் கரண்டிய விட்டவளா என்னா?

பாஸ், ஒண்ணு கேக்கறேன். உள்ளயா வெளியவான்னு மீட்டிங்குல பேச்சு வந்தப்பல்லாம் நான் வாயே தொறக்கல, கவனிச்சீங்களா? கவனிச்சீங்க. என்னா நெனச்சீங்க? வேலை போயிருமோன்னு பயந்துட்டேன்னா? அதான் பாவமேன்னு இவ்ளோ தூரம் வந்தீங்களா. ஐயோ பாஸ்... இப்பிடி நல்லவரா இருந்தா நான் எப்பிடித்தான் சொல்றது?

நான் பேசியிருந்தா அது ஞாயமா இருந்திருக்காது. கடைசியா ஒரு வெளி கம்பெனி வந்து பேசிட்டுப் போனாங்களே, ரவாங்குல புதுசா ஆபீஸ் தொறந்தவங்க. அங்க வேலைக்கு கேட்டிருந்தேன். வெள்ளிக்கெழம கையெழுத்து போட்டுட்டேன். நாளைக்கு காலையில நீங்க போர்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒங்க ரூமுக்கு வந்து சொல்லணும்னு இருந்தேன், நீங்க முந்திக்கிட்டு டையோட வந்து நிக்கறீங்க.

இல்ல, சாப்பிடுங்க. தட்ட கீழ வெக்காதீங்க, அம்மா பாத்தா சாப்பாடு சரியில்லயான்னு வந்துருவாங்க.

அந்தக் கம்பெனிக்கே குடுங்கன்னு சொல்ல மாட்டேன். அத நான் சொல்லக் கூடாது. உள்ளயே வெச்சிக்கிட்டாலும் சரி, ஆனா ரெண்டு பேருக்காச்சும் முழு வேலையும் தெரியிற மாதிரி வெச்சிக்குங்க. வெளிய குடுத்தாலும் ஷர்மினிய விட்றாதீங்க, வர்ற விலைய கேள்வி கேக்க உள்ள ஒரு ஆளு இருக்கணும். எனக்காகன்னு மட்டும் எதையும் முடிவு பண்ணாதீங்க.

சம்பளமா? அதெல்லாம் ஒங்கள மிஞ்ச முடியுமா? ஒங்ககிட்ட வாங்கறதவிட கொறச்சல்தான். வெள்ளிக்கெழம இண்டர்வியூவுல, ஒங்களுக்கு எதுவும் கேக்கணுமான்னாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், ஒரு நாளு நான் சீக்கா படுத்துட்டா என் வேலைய யாரு பாப்பாங்கன்னு. அந்தம்மா இதெல்லாம் ஒரு கேள்வியான்னு என்னைய பாத்தாங்க. யாராச்சும் பாப்பாங்க லான்னாங்க.

யாராச்சும்! அப்பயே பேனாவ கேட்டேன் பாஸ்.