பிரசிடென்டும் ‘ஓகே’ அப்பாவும்

புஜைராவிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் போனில் எதையோ வாசித்துவிட்டுத் தொடங்கினாள்.

“இஞ்ச பாருங்கோ, நூறு வருசத்துக்கு முன்னம் ஒரு அமெரிக்கன் பிரசிடென்ட், நாட்டையும் ஆண்டுகொண்டு, ஹொஸ்டல்ல இருந்த பிள்ளையளுக்குப் படமும் கீறிக் கடிதம் எழுதினவராம்.”

“அவருக்கென்ன, என்னை மாதிரி ஷிப்ட் டியூட்டியே?”

“ஓமோம். நீங்கள் எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில நிக்காட்டி உலகமே நிண்டுபோம். எங்கட பெடியன் கம்பஸ் போய் ஒரு வருசம். நீங்கள் அவனுக்கு எழுதினது முழுக்க ‘ஓகே’. காய்ச்சல் எண்டு போட்டவன், அதுக்கும் ‘ஓகே’.”

“கலாஸ், போதும். இப்பவே எழுதிறன்.”

மலைச் சுரங்கப் பாதைகளைக் கடக்கும்வரை அவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அனுப்பும் முன் அவளுக்கு வாசித்தும் காட்டினார்.

“அன்புள்ள மகனுக்கு, நான் நலம். உன் நலமறிய ஆவல். உன்னை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.”

“பிரசிடென்ட் தோத்தார் போங்கோ,” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகனின் குரல் பதறியது.

“அம்மா, அப்பான்ர போனை ஆரோ ஹேக் பண்ணிப்போட்டாங்கள்! பாசமா மெசேஜ் வருது, இனிக் காசு கேப்பாங்கள். அப்பா பக்கத்தில நிக்கிறாரே?”

அவள் போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஓகே,” என்றார்.