மேல கேட்ட டிக் டிக்

விடியக்காலை நாலு மணி. குவாரிக்குப் போற ரோடு. ரெண்டு பக்கமும் புதர், ஒரு விளக்குகூட கிடையாது. ஒரே ஒரு கார் போய்ட்டு இருக்கு. கூரை மேல கேரியர்... அதுல மலையில விடுற சைக்கிள் ஒண்ணு.

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. இது என் சிநேகிதனோட அத்தான் விஷயம். அவனோட அக்கா வீட்டுக்காரர். சைக்கிள் அவரோடது. கார் ஓட்டினது அவர் இல்ல, அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. ஓட்டினவன் அவரோட ஆபீஸ் கூட்டாளி. எல்லாரையும் அதிகாரம் பண்ணுவான், அதனால ‘கமாண்டர்’னு பேரு. அவனுக்கு நான் மரியாதை குடுத்துப் பேச மாட்டேன். ஏன்னு கேளுங்க.

லீவு நாள்ல ரெண்டு பேரும் மலைக்குப் போவாங்க. சைக்கிளோட முன் சக்கரத்தைக் கழட்டி டிக்கியில போடணும். சக்கரம் நிக்கிற ஃபோர்க்கைக் காரு மேல இருக்குற கவ்வியில மாட்டணும், பின் சக்கரத்தை வார் போட்டுக் கட்டணும். போய் இறங்கினதும் முன் சக்கரத்தை மாட்டி, அச்சுல இருக்குற லீவரை இறுக்கணும். இவ்வளவுதான் வேலை. ஆனா கமாண்டர் யாரையும் தொட விட மாட்டான். “என் காரு, என் கேரியர். நான்தான் ஏத்துவேன், நான்தான் இறக்குவேன்.”

அன்னைக்கு அத்தானோட சக்கரத்தை மாட்டும்போது அவனுக்கு ஒரு போன். தோள்ல போனை இடுக்கிக்கிட்டே லீவரை மடிச்சு விட்டான். இறுக்கல. “ஆச்சு, ஏறு”ன்னான். அத்தானும் நம்பி ஏறினார். இறக்கத்துல சக்கரம் தனியா ஓடிப்போச்சு...

சாவு வீட்ல அந்தப் படுபாவி வாய் கூசாம சொன்னான், “வேகமா போனான், நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல”ன்னு. சக்கரம் கழண்டதைப் பத்தி மூச்சு விடல. அத்தான் யாரு? படுத்த பிறகும் எழுந்து போய் கேஸ் மூடியிருக்கான்னு பார்த்துட்டு வர்ற மனுஷன். அவரா வேகமா போவாரு? ஒரு வருஷமா சொந்தக்காரங்க எல்லாரும் அக்கா முகத்துக்கு நேரா, “பொண்டாட்டி இருக்கிற ஆளுக்கு எதுக்கு இந்த வேகம்”னு... எனக்கு இப்பக்கூட வயிறு எரியுது.

அக்கா மட்டும் நம்பல. “சைக்கிளைக் குடு, மெக்கானிக்கிட்ட காட்டணும்”னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சைக்கிளும் கழண்ட சக்கரமும் அவன் ஷெட்ல கிடந்துச்சு. ஃபோர்க்கோட நுனி ரெண்டும் கல்லுல உரசித் தேய்ஞ்சிருந்துச்சு. சக்கரம் இல்லாம தரையில குத்தினாத்தான் அப்படி ஆகும். பார்த்தா எவனும் கேப்பான், சக்கரத்தை யார் மாட்டினதுன்னு. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சவன், சைக்கிளைக் குவாரித் தண்ணியில மறைக்கக் கிளம்பினான். செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போறான்னு நினைச்சுட்டான்.

வீடெல்லாம் தாண்டினதும்... தலைக்கு மேல சத்தம். டிக்... டிக்... டிக் டிக் டிக்.

அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். சைக்கிளை மிதிக்காம சும்மா உருள விட்டா பின் சக்கரத்துல வரும். மிதிச்சா நின்னுடும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

காரை நிறுத்தி டார்ச் அடிச்சுப் பார்த்தான். வார் இறுக்கமா இருக்கு. சக்கரம் அசையவே இல்ல. திரும்ப ஏறினான். கார் நகர்ந்ததும்... டிக் டிக் டிக். கூடவே ஒரு வாசனை. ஈர மண்ணு... செயின் ஆயில். கண்ணாடி நாலும் ஏத்தித்தான் இருந்துச்சு.

குவாரிக்குத் திரும்புற வளைவு வந்துச்சு. அங்க... சத்தம் பட்டுனு நின்னுச்சு.

“அப்பாடா”ன்னான் அந்த மடையன். இத்தனை வருஷம் சைக்கிள் விட்டவன். சத்தம் நின்னா என்ன அர்த்தம்னு உறைக்க வேண்டாமா?

கார் தானா இழுத்துச்சு. இவன் ஆக்சிலேட்டரைத் தொடல. ஸ்டியரிங்கைக் குவாரிப் பக்கம் ஒடிச்சான்... திரும்பல. பிரேக்கை மிதிச்சான்... கட்டை மாதிரி இருக்கு. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைச்சான். லைட்டும் அணைஞ்சு போச்சு. கார் நிக்கல. இருட்டுல மேடு ஏறுது. தலைக்கு மேல... ஹ்ஹு... ஹ்ஹு... மேட்டுல மிதிக்கிறவன் வாங்குற மூச்சு.

கார் நின்ன இடம் அக்கா வீட்டு வாசல்.

என் சிநேகிதன் அன்னைக்கு அங்கதான் தங்கியிருந்தான். கதவைத் திறந்தா கமாண்டர் நிக்கிறான், வேர்வையில சட்டை தொப்பலா. யாரும் கேக்காமலே எல்லாத்தையும் கக்கினான். போன் வந்தது, லீவரை இறுக்காதது, சாவு வீட்ல சொன்ன பொய், குவாரிக்குக் கிளம்பினது, வழியில மேல கேட்ட சத்தம்...

அக்கா அழல. “இதை எல்லார் முன்னாடியும் வந்து சொல்லணும்”னாங்க. சரின்னு தலையை ஆட்டினான்.

“நீதானே ஏத்துவ, நீதானே இறக்குவ. இறக்கு.”

சைக்கிளை இறக்கினான். டிக்கியிலிருந்து சக்கரத்தை எடுத்து மாட்டக் குனிஞ்சான். அக்கா பிடுங்கிட்டாங்க. அவங்களே மாட்டி, உள்ளங்கை சிவக்கச் சிவக்க லீவரை இறுக்கினாங்க. உள்ள உருட்டிட்டுப் போய் சுவத்துல சாய்ச்சு வச்சாங்க.

அதுக்குள்ள வெளிச்சம் வந்துடுச்சு. பால் வண்டி ஒண்ணு போச்சு. வெளிச்சத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய தைரியம் திரும்பிடுச்சு. முகத்தைத் துடைச்சுக்கிட்டு சொல்றான், “எல்லார்கிட்டயும் சொல்லித்தான் ஆகணுமா? இது நமக்குள்ள இருக்கட்டுமே. போன உசுரு திரும்பியா வரப் போகுது?”

என் சிநேகிதன் கையை ஓங்கிட்டான். அக்கா தடுத்தாங்க. “விடுறா. போகட்டும்.” கேட்டைச் சாத்தினாங்க.

சாவி போட்டதும் கார் ஒழுங்கா கிளம்புச்சு. கூரை மேல ஒண்ணும் இல்ல. வெறும் கேரியர். சைக்கிள் வீட்டுக்குள்ள சுவத்துல சாய்ஞ்சிருக்கு, சிநேகிதன் திரும்பிப் பார்த்துக்கிட்டான்.

கார் தெருவுல போகப் போக... டிக்... டிக்... டிக் டிக் டிக்.

“உனக்கும் கேக்குதா?”ன்னு அக்கா மெதுவா கேட்டாங்க.

தெருக்கோடியில ஒரு இறக்கம் இருக்கு. கார் அந்த இறக்கத்துல திரும்புச்சு...

சத்தம் நின்னுடுச்சு.