இரண்டாம் சல்லடையில் நின்றது

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்ம சூர்யாவின் சித்தப்பா பாண்டீஸ்வரனுக்கு நடந்தது. போன ஆடி அமாவாசையன்று.

பொழுது சாயும் நேரம். புதுமடத்துக்கு மேற்கே, கடலுக்குப் போகும் மணல் பாதை. காலையில் கூடிய கூட்டம் மொத்தமும் கலைந்துவிட்டது. இருபுறமும் உடைமரம்... நடுவே அவர் பைக் மட்டும். பின்னால் மனைவி பூமயில், அழுதழுது முகம் வீங்கி.

காலையில் தர்ப்பணம் கொடுக்க வந்த இடத்தில், ஓடை கடலில் சேரும் துறையில் முங்கி எழுந்தாள். தாலிக்கயிறு அறுந்து, தாலி தண்ணீரில் போய்விட்டது. பகலெல்லாம் தேடியும் கிடைக்காமல், கூட்டம் கலைந்தபின் மண் அரிப்பவர் வருவார் என்று கேட்டு மறுபடி அங்கேதான் போனார்கள். இப்போது கழுத்தில் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறுதான்.

"எனக்கு என்ன ஆனாலும் பரவால்லைங்க... ஒங்களுக்கு ஏதும் ஆயிருமோ..." வழியெல்லாம் இதே புலம்பல்.

துறையில் மலையாண்டி மண் அரித்துக்கொண்டிருந்தார். குளிப்பவர்கள் தவறவிடும் தங்கம்தான் அவர் பிழைப்பு. பூமயில் முங்கிய இடத்து மண்ணை அள்ளினார். முதலில் பெரிய கண் சல்லடை. கல், சிப்பி அதில் நின்றுவிடும். திரும்ப ஓடையிலேயே கொட்டிவிடுவார். அடுத்து சின்னக் கண். மோதிரம், தோடு அதில் நிற்கும். அதையும் தாண்டிய பொடிமண் சாக்கு விரித்த பலகைமேல் தண்ணீரோடு ஓடும். தூள் தங்கம் சாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

சரக்... சரக்... சரக்...

அழுகிய பாசி நாற்றம். சட்டென்று அது நின்றது. பச்சை மஞ்சள் வாசனை.

சின்னச் சல்லடையில் ஒரு தாலி, துண்டுக் கயிற்றோடு.

"இதான்! இதேதான்!" பாண்டீஸ்வரன் பாய்ந்தார்.

மலையாண்டி சல்லடையைச் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, அந்து விழுந்த கயிறுன்னா பிசிறடிச்சிருக்கும். இது கத்தியில நறுக்குன மாதிரி இருக்கு. புருசன் செத்தவளுக்கு அறுத்துப் போட்டது. சிப்பியோட சேத்துத் தண்ணியிலயே விட்டுரணும்."

"என் பொண்டாட்டி தாலி எனக்குத் தெரியாதா? நாங்க போன பெறகு நீங்க எடுத்துக்கிறவா?"

மலையாண்டி கோபப்படவில்லை. சல்லடையை நீட்டினார். "நீங்களே எடுத்துக்கங்க. நான் தொடல."

பாண்டீஸ்வரன் மனைவியின் கழுத்திலிருந்த மஞ்சள் கிழங்கை அவிழ்த்துவிட்டு, அதே கயிற்றில் தாலியைக் கோத்து அங்கேயே கட்டினார். மூன்று முடிச்சு. பூமயிலின் அழுகை நின்றது. குழாயை மூடியதுபோல...

வீடு திரும்பும் வழியில், உச்சிப்புளி ஊர் தாண்டியும் அவள் வாய் திறக்கவில்லை. எப்போதும் அவர் தோளைப் பற்றிக்கொண்டு வருபவள், விரல்கூடப் படாமல் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"அதான் கெடச்சிருச்சுல்ல... இன்னும் என்ன கவல?"

பின்னாலிருந்து மஞ்சள் வாசனை மட்டும்.

வீடு வந்தது. காலையில் பூட்டிவிட்டுப் போன கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. பூமயில் விறுவிறுவென்று படியேறி உள்ளே போனாள். திரும்பி நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அந்நிய ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்து, இரு கையையும் குவித்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப ஒத்தாச பண்ணுனீங்க, அண்ணே. நீங்க கெளம்புங்க... எங்க வீட்டுக்காரவுக உள்ள ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்காக."

கதவு மெல்ல... மெல்லச் சாத்திக்கொண்டது.

அந்தக் கடைசி இடுக்கும் மறையும்வரை பாண்டீஸ்வரன் பார்த்துக்கொண்டே நின்றார். அவளுடைய இரண்டு கைகளும் கும்பிட்டபடியேதான் இருந்தன.